அக்ரிலிக் பவளத் தொட்டிகளுக்கான சிறு காந்தத் துடைப்பான்

காந்தத் துடைப்பான் என்பது மீன்தொட்டிச் சுவரில் படியும் பாசியைக் கையை நனைக்காமல் துடைக்க உதவும் கருவி. ஒரு துண்டு தொட்டிக்கு உள்ளேயும் மற்றது வெளியேயும் சுவரைக் கவ்வி நிற்கும். வெளித்துண்டை நகர்த்தினால் உள்துண்டு கூடவே வரும். கண்ணாடித் தொட்டிக்குப் பெரும்பாலும் எதுவும் சரிப்படும். அக்ரிலிக் அப்படியல்ல.

மோஸ் கடினத்தன்மை அளவில் கண்ணாடி சுமார் 5.5; அக்ரிலிக் 3-ஐ எட்டினாலே அதிகம். பவளத் தொட்டியின் அடியில் பரப்பும் அரகோனைட் மணலோ 3.5 முதல் 4 வரை. அந்த மணலில் ஒரு துகள் நடுவில் சிக்கினால் போதும், கோடு விழுந்துவிடும்; காந்தம் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறதோ அவ்வளவு ஆழமாக விழும். ஆகவே கடைக்காரர் பெருமையாகச் சொல்லும் இழுவிசை இங்கே ஓர் அளவுக்கு மேல் குறையே.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது சுவரின் தடிமன். இடைவெளி கூடக் கூடக் காந்தப் பிடி வெகுவேகமாகக் குறையும். காந்தம் சிறிதானால் இன்னும் வேகமாக. 4 முதல் 6 மில்லிமீட்டர் சுவருள்ள சிறு தொட்டிக்கு அதே அளவுக்கென்று குறிக்கப்பட்டதையே வாங்கலாம். 12 மில்லிமீட்டருக்கானதை மாட்டினால் நகர்த்தவே மல்லுக்கட்ட வேண்டும். அடுத்தது துடைக்கும் பரப்பு. மேக்-ஃப்ளோட், டுன்சே, ஃப்ளிப்பர் போன்ற தயாரிப்புகளில் அக்ரிலிக்குக்கு ஏற்ற வகைகளோ தகடுகளோ உண்டு. எஃகுத் தகடு கூடவே கூடாது. ஊதா நிறச் சுண்ணப்பாசி இறுகிவிட்டால் காலாவதியான வங்கி அட்டையின் ஓரத்தால் சுரண்டுவது பழைய உத்தி. இன்றும் அதற்கு ஈடில்லை.

மலேசியாவின் பினாங்குத் தீவில் இதைத் தாமே செய்துகொள்ள ஒரு வசதி இருக்கிறது. 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரத்தில் இன்டெல் கால்பதித்த பிறகு தீவு மின்னணுத் தொழிலின் மையமானது. சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆகிய ஹார்ட் டிஸ்க் நிறுவனங்களும் பின்னர் வந்தன. துடைப்பானுக்கு வேண்டிய காந்தம் அந்த டிஸ்க்கிலேயே இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கின் முனைக்கையை அசைப்பது பிறைவடிவ நியோடிமியம் காந்தம். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானின் சுமிட்டோமோவும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்சும் தனித்தனியே உருவாக்கிய வகை இது. பழுதான டிஸ்க் ஒன்றைப் பிரித்தால் பெரும்பாலும் இரண்டு காந்தங்கள் தேறும். ஒரே முகத்தில் வடதுருவமும் தென்துருவமும் அருகருகே இருப்பதால், உள்துண்டு வெளித்துண்டோடு சேர்ந்தே திரும்பும். கோணல் மாணலாகச் சுழலாது.

காந்தம் எஃகுத் தாங்கியில் ஒட்டப்பட்டிருக்கும். திருப்புளியால் நெம்பினால் முலாம் பெயரும். தாங்கியின் இரு முனைகளையும் குறடால் பிடித்து வளைத்தால் பசை விட்டு, காந்தம் தானாகக் கழன்றுவிடும். இரண்டு காந்தங்களையும் அருகருகே வைத்துவிட்டு விரலை நடுவில் விடக்கூடாது. இதயமுடுக்கி பொருத்தியவர்கள் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

கடினமான பகுதி உறையிடுவது. காந்தத்தை அக்ரிலிக் குழாய்த் துண்டிலோ பிவிசி மூடியிலோ வைத்து, இரு கலவை எப்பாக்சியைக் காற்றுக் குமிழி இல்லாமல் ஊற்றி இறுகவிட வேண்டும். சாதாரண நியோடிமியம் 80 பாகை செல்சியசைத் தாண்டினால் வலுவிழக்கத் தொடங்கும். ஆகையால் இறுகும்போது வெகுவாகச் சூடேறும் கலவை வேண்டாம். வெளித்துண்டுக்கு மெல்லிய ஃபெல்ட், உள்துண்டுக்கு வெல்க்ரோவின் பஞ்சுப் பக்கம். கொக்கிப் பக்கம் அல்ல. கடையில் வாங்கும் சில வகைகள் பிடி விட்டால் மிதக்கும். வீட்டில் செய்தது நேரே மணலில் போய் விழும், எடுக்கும்போது மணலோடு வரும். தூண்டில் நைலான் நூல் ஒன்றைக் கட்டிவைத்தால், மேலே இழுத்து அலசிவிட்டு மறுபடி இறக்கலாம். மணல்மட்டத்திலிருந்து இரண்டு விரல் உயரம்வரை காந்தத்தைக் கொண்டுபோகாமல் அங்கே வங்கி அட்டையையே பயன்படுத்துவது நல்லது.

துடைத்து முடித்ததும் உள்துண்டை வெளியே எடுத்து நன்னீரில் கழுவ வேண்டும். தொட்டியிலேயே விட்டால் அதன் அடியில் மணலும் சிறு நத்தைகளும் ஒதுங்கும். கழுவும்போது உறையையும் கவனிக்கலாம். மயிரிழை விரிசல் வழியே உப்புநீர் புகுந்தால் காந்தம் துருவேறி உப்பும். உறை புடைத்து ஓரத்தில் பழுப்புக் கோடு தெரியும். வழக்கமான முலாமில் நிக்கல் அடுக்குகளுக்கு நடுவே செம்பு இருக்கிறது. செம்பு பவளத்துக்கும் இறாலுக்கும் நஞ்சு என்பதால், அந்தக் கோடு தெரிந்த துடைப்பானை ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தாமல் எறிந்துவிட வேண்டும்.