தமிழ் இலக்கியங்களில் எந்திரக் காட்சி: காண்போரும் மறைபொருளும்

முன்னுரை

உயிரற்ற ஒரு பொருள் உயிருள்ளது போல இயங்கித் தொழில் செய்வதைக் காணும்போது மனித மனம் வியப்புறுகிறது. தொழிற்சாலைகள் பெருகிய காலத்திற்கு மட்டுமே உரிய உணர்வாக இதனைக் கருதும் போக்கு உண்டு. ஆயின், தமிழ் இலக்கியங்கள் எந்திரத்தைச் சுட்டும் இடங்களில் அது இயங்கும் முறையைக் காட்டிலும் கண்டவர், கேட்டவர் அடையும் உணர்வே மிகுதியும் பேசப்படுகிறது. சங்க இலக்கியம் முதல் காப்பியங்கள் வரையிலான சில சான்றுகளைக் கொண்டு, எந்திரம் யாருக்குக் காட்டப்பட்டது, எவ்வளவு காட்டப்பட்டது, எது மறைக்கப்பட்டது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பொறி என்னும் சொல்

தமிழில் 'பொறி' பல பொருள் ஒரு சொல். மெய், வாய், கண், மூக்கு, செவி ஆகிய ஐந்தும் பொறிகள். இயந்திரமும் பொறி, விலங்கைச் சிக்கவைக்கும் கருவியும் பொறி. வேட்டுவன் புலியைப் பிடிக்க அமைக்கும் பெருங்கல் அடாரைக் கூறுமிடத்துப் புறநானூறு (19) இச்சொல்லை ஆள்கிறது. காணும் கண்ணுக்கும் காண்பவனை அகப்படுத்தும் கருவிக்கும் ஒரே சொல் அமைந்திருப்பது கருதத்தக்கது. இவ்விரு பொருளுக்கும் இடைப்பட்ட உறவே எந்திரக் காட்சியின் வரலாறாக விரிகிறது.

ஆலை: திறந்த காட்சி

சங்க இலக்கியத்தில் பெரிதும் பேசப்படும் எந்திரம் கரும்பு பிழியும் எந்திரமாகும். ஐங்குறுநூற்றில் (55) அதன் ஒலி, களிற்றின் பிளிறலுக்கு எதிராக எழும் பிளிறலாகக் கூறப்படுகிறது. புறநானூற்றில் (322) அவ்வொலி கேட்டு அருகிலுள்ள நீரில் வாளைமீன் பிறழ்கிறது. பெரும்பாணாற்றுப்படையில், யாளி தாக்கக் கலங்கிய யானைக் கூட்டத்தின் கதறலுக்கு எந்திரத்தின் ஓயாத ஆரவாரம் உவமிக்கப்படுகிறது. இவ்விடங்கள் அனைத்திலும் எந்திரம் ஒலியாகவே முதலில் அறியப்படுகிறது. யானையோடு ஒப்பிடப்படுவதால் உயிர்ப்பொருளின் தன்மையையும் பெறுகிறது.

பெரும்பாணாற்றுப்படை இதற்கு மேலும் ஒரு படி செல்கிறது. கருப்பஞ்சாற்றைப் பாகாகக் காய்ச்சும் புகை சூழ்ந்த ஆலைகள்தோறும் விரும்பினால் சாறு பருகலாம் எனப் பாணனுக்கு வழி கூறப்படுகிறது. வழிச்செல்லும் இரவலன் எந்திரத்தின் அருகே செல்கிறான். கரும்பு சாறாவதையும் சாறு பாகாவதையும் அங்கே காணலாம். விளைபொருளில் அவனுக்கும் பங்கு உண்டு. மறைக்க எதுவும் இல்லாத காட்சி இது. இங்கு எந்திரத்தின் கவர்ச்சி அச்சமாகவோ மயக்கமாகவோ மாறவில்லை, விருந்தாகவே அமைகிறது.

மதில்: அச்சுறுத்தும் காட்சி

சிலப்பதிகாரத்தின் அடைக்கலக்காதை மதுரை மதிலின் பொறிகளை நிரல்படக் கூறுகிறது. வளைந்து தானே எய்யும் விற்பொறி, கல்லுமிழும் கவண் முதலியவற்றோடு குரங்கு, சிச்சிலி, பன்றி ஆகியவற்றின் பெயரும் வடிவும் கொண்ட பொறிகளும் இடம்பெறுகின்றன. இவை பகைவர் கண்டு அஞ்சுவதற்காக அமைந்தவை. ஆயின் இளங்கோவடிகள் இப்பட்டியலை அமைத்துள்ள இடம் சிந்தனைக்குரியது. படையெடுப்பு எதுவும் அங்கு நிகழவில்லை. ஆயர்மகளாகிய மாதரி, அடைக்கலமாகப் பெற்ற கண்ணகியை அழைத்துக்கொண்டு அப்பொறிகளைக் கடந்து வாயிலுள் நுழைகிறாள். பகைவரைத் தடுக்கும் பொறிகளுக்கு இடையே அமைதியாக நடந்து சென்றவளே பின்னர் அந்நகரை எரியூட்டினாள். மதிற்பொறியின் ஆற்றலை விரித்துரைத்து, அதன் எல்லையையும் காப்பியம் உணர்த்துகிறது எனலாம்.

அரண்மனை: வியப்பும் மறைப்பும்

மணிமேகலையில் சோழ மன்னன் உலாவும் அரண்மனைப் பொழிலில் எந்திரக் கிணறு, செய்குன்று, அருவி ஆகியன உள்ளன. ஆலையில் உழைப்புக்குரியதாயிருந்த எந்திரம் இங்கு அரசனின் விளையாட்டுக்குரிய காட்சியாகிறது. அதனை அடுத்துக் கூறப்படும் மண்டபத்தைத் தமிழ் வினைஞரோடு மகதம், மராட்டம், அவந்தி ஆகிய நாட்டினரும் யவனரும் கூடிச் செய்ததாகக் காப்பியம் குறிப்பிடுகிறது. கைவினைஞரின் நாடு பதிவாகிறது, பெயர் பதிவாகவில்லை.

சீவக சிந்தாமணியின் மயிற்பொறியிலும் இதே நிலையைக் காணலாம். சச்சந்தன் ஆணைப்படி பெருந்தச்சன் ஒருவன் துணி, நூல், அரக்கு, மெழுகு முதலியன கொண்டு ஏழு நாளில் அதனைச் செய்து முடிக்கிறான். விசயை பொறியை வலமாகத் திருக, மயில் மேகத்தைக் கிழித்து எழுகிறது. இடமாகத் திருக, காண்போர் மருளும்படி இறங்கிக் கால் குவித்து அமர்கிறது. செய்பொருள்கள் கூறப்படுகின்றன, இயக்கும் முறை கூறப்படுகிறது, பறத்தற்குரிய உள்ளமைப்பு மட்டும் கூறப்படவில்லை. காண்போரின் மருட்சி அந்த இடைவெளியிலேயே பிறக்கிறது.

இதற்கு நூல்வழிச் சான்றும் உண்டு. 11ஆம் நூற்றாண்டில் தாரா நகரை ஆண்ட போசனின் பெயரால் வழங்கும் 'சமராங்கண சூத்திரதாரம்' என்னும் வடமொழி நூல், எந்திரங்களுக்கென ஓர் அத்தியாயத்தை ஒதுக்குகிறது. ஓசையின்மை, தாளத்திற்கு இசைய இயங்குதல் முதலியவற்றோடு, இயக்கம் புலப்படாதிருத்தலையும் நல்ல எந்திரத்தின் பண்பாக அது கூறுகிறது. செய்முறையை முழுமையாகச் சொல்லாதது அறியாமையால் அன்று, மறைபொருளாகக் காத்தற்பொருட்டே எனவும் தெளிவுபடுத்துகிறது. வியப்பு, திட்டமிட்டு உருவாக்கப்பட்ட ஒன்று என்பது இதனால் பெறப்படும்.

உதயணன்: காட்சியில் சிக்கியவன்

மறைப்பு முழுமை பெறும்போது நிகழ்வதை உதயணன் கதை காட்டுகிறது. யாழிசையால் யானைகளை வயப்படுத்த வல்ல அவனைச் சிறைப்பிடிக்க விரும்பிய அவந்தி வேந்தன், வீரர்களை உள்ளே மறைத்த எந்திர யானையைக் காட்டில் நிறுத்துகிறான். யானையை நன்கறிந்தவனே பொய்யானையிடம் ஏமாறுகிறான். அவனது தேர்ச்சியும் விருப்பமும் வஞ்சனைக்கு இடமாயின. கொங்குவேளிரின் பெருங்கதையில் உஞ்சைக் காண்டத்தின் தொடக்கப் பகுதி கிடைக்காமையால், உதயணன் அகப்பட்ட நிகழ்ச்சியைப் பிற நூல்களின் துணைகொண்டே அறிய வேண்டியுள்ளது. 'பொறி' என்பதன் எந்திரம், கண்ணி என்னும் இரு பொருளும் இக்கதையில் ஒன்றாகின்றன.

முடிவுரை

எந்திரம் ஆலையில் விருந்தாகவும், மதிலில் அச்சமாகவும், அரண்மனையில் மருட்சியாகவும், உதயணன் கதையில் வஞ்சனையாகவும் அமைகிறது. எந்திரத்தின் நுட்பம் மட்டும் இவ்வேறுபாட்டிற்குக் காரணமன்று. காண்பவனுக்கு எவ்வளவு திறந்து காட்டப்பட்டது என்பதே முதன்மைக் காரணமாகும். பிற்காலச் சொல்வழக்கும் இதனை உறுதிப்படுத்துகிறது. 1856இல் இராயபுரத்திலிருந்து ஓடத் தொடங்கிய தொடர்வண்டியின் வகையைத் தமிழர் 'புகைவண்டி' என்றனர். உள்ளிருந்து இயக்கும் நீராவியை விட்டு, வெளியே நின்றவன் கண்ட புகையே பெயராயிற்று. கரும்பு பிழியும் இடத்தைக் குறித்த 'ஆலை' என்னும் சொல்லோ நூற்பாலை, பஞ்சாலை என விரிந்தது. பாணனை உள்ளே அழைத்த ஆலை, சுற்றுச்சுவரும் வாயிற்காவலும் கொண்ட இடமாயிற்று. சொல் நிலைத்தது, அழைப்பு நிலைக்கவில்லை. எந்திரத்தின் வரலாற்றை எழுதுங்கால், கண்டுபிடித்தவரோடும் உடைமையாளரோடும் நில்லாமல், பெயர் பதியாத வினைஞரையும் வெளியே நிறுத்தப்பட்ட காண்போரையும் உடன்கொண்டு எழுத வேண்டும் என்பதை இவ்விலக்கியச் சான்றுகள் வலியுறுத்துகின்றன.