குணசேனதேவரும் அவர்தம் மாணாக்கரும்

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடிச் சமணர் மலையைக் காணச் செல்வோர், அடிவாரத்துத் தாமரைக் குளத்தையும் ஆலமரத்தையும் கடந்து படியேறிச் செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் திருமேனிகளை வணங்கித் திரும்புகின்றனர். அத்திருமேனிகளின் கீழ் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட பெயர்களை நின்று நோக்குவார் மிகச் சிலர். கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளுக்குரிய அச்சிறு கல்வெட்டுகளே ஓர் ஆசிரியரின் வாழ்க்கையை நமக்கு உணர்த்துகின்றன. அவர் பெயர் குணசேனதேவர்.

அவர் கற்ற இடம் இம்மலையன்று. பாண்டிய நாட்டின் வெண்பு நாட்டில், இன்றைய விருதுநகர் மாவட்டப் பகுதியில், குரண்டி என்னும் ஊரில் திருக்காட்டாம்பள்ளி என்றொரு பெரும்பள்ளி இருந்தது. அங்கு அட்டோபவாசி படாரர் என்னும் நோன்புப் பெயர் பூண்ட ஆசிரியர் விளங்கினார். அவருடைய மாணாக்கர் இருவரைச் சமணர் மலையின் மறுபுறமுள்ள முத்துப்பட்டிக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. ஒருவர் மாகணந்திப் பெரியார், மற்றவர் குணசேனதேவர். குணசேனதேவரின் மாணாக்கரான கனகவீரப் பெரியடிகள், குயிற்குடி ஊரார் பேரால் அங்கே ஒரு திருமேனி செய்வித்தார். ஆசிரியரும் அவருடைய ஆசிரியரும் முறைப்படி கூறப்பட்ட பின்னரே, செய்வித்தவர் பெயர் வருகிறது. இன்று கீழக்குயில்குடி என வழங்கும் ஊரே அக்குயிற்குடி. ஊரார் பெயரைத் துறவியொருவர் தம் பெயரோடு சேர்த்துப் பொறித்திருப்பது, பள்ளிக்கும் ஊருக்கும் இடையே இருந்த உறவை நன்கு புலப்படுத்துகிறது.

சமணர் மலைக் கல்வெட்டுகளில் குணசேனதேவர் 'இப்பள்ளி உடைய' என்னும் அடையோடு காணப்படுகிறார். பள்ளியின் தலைமை அவரிடம் இருந்தது என்பதே இதன் பொருள். ஒரே மலை, ஒரே காலம், ஒரே பெயர். ஆதலின் முத்துப்பட்டியில் மாணவராகக் குறிக்கப்படுபவரும் இங்குத் தலைவராகக் குறிக்கப்படுபவரும் ஒருவரே எனக் கொள்வது பொருந்தும். குரண்டியில் பயின்றவர் மதுரையில் பள்ளி நடத்தினார்.

அப்பள்ளியில் பயின்றோர் இரு பெயர்களால் சுட்டப்படுகின்றனர். சிலர் மாணாக்கர், சிலர் சட்டர். சட்டன் என்பது மாணவனைக் குறிக்கும் பழஞ்சொல். 866ஆம் ஆண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் நிறுவிய சாலையில் 95 சட்டர்க்கு இடமளித்த செய்தியைச் செப்பேடு கூறும். குணசேனதேவரின் சட்டருள் தெய்வபலதேவர், அந்தலையான், சிங்கடைப்புறத்துக் கண்டன் பொற்பட்டன் ஆகியோர் பெயர்கள் நிலைத்துள்ளன. ஊர்ப்பெயரோடு வருவோரை இல்லறத்தார் எனக் கருத இடமுண்டு. அவ்வாறாயின், துறவிகட்கு மட்டுமன்றி, ஊராருக்கும் அங்குக் கல்வி வழங்கப்பட்டதாகும். சமண முனிவர் படுத்துறங்கிய குகை என்று மட்டும் இவ்விடங்களை அறிமுகம் செய்வோர் இப்பெயர்களை ஒருமுறை படித்தல் நன்று.

மாணாக்கர் நிலை வேறு. குணசேனதேவரின் மாணாக்கர் வர்த்தமானப் பண்டிதர்; அவருடைய மாணாக்கர் குணசேனப் பெரியடிகள். ஆசிரியரின் ஆசிரியர் பெயரை மூன்றாம் தலைமுறையினர் தாங்கினார். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது தமிழ்க் குடும்ப மரபு. துறவறத்திலும் அது நிகழ்ந்திருக்கிறது. தற்செயல் என்று இதனை ஒதுக்கவும் இயலாது. செட்டிப்புடவுத் திருமேனியின் கீழுள்ள குரண்டிப் பள்ளியாரின் வரிசையிலும் அபிநந்தன் படாரர், அவர் மாணாக்கர் அரிமண்டலப் படாரர், மீண்டும் அபிநந்தன் படாரர் என்றே பெயர்கள் வருகின்றன. கற்றவர் கற்பிப்பவராவதே அப்பள்ளிகளின் நடைமுறை. ஆசிரியரை உருவாக்கும் பணியும் அங்கேயே நடைபெற்றது.

அந்நூற்றாண்டுகளில் மதுரை ஆசிரியர்க்கு வெளியூரிலும் மதிப்பிருந்தது. சித்தன்னவாசல் அறிவர் கோயிலைப் பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில் புதுப்பித்தவர் 'மதுரை ஆசிரியன்' இளங்கௌதமன். பெண்களும் ஆசிரியராக விளங்கினர். கழுகுமலைக் கல்வெட்டுகள் திருச்சாரணத்துக் குரத்திகள், நாற்கூர்க் குரத்திகள் முதலியோரைக் குறிக்கின்றன. குரவன் என்பதன் பெண்பாலே குரத்தி. வடக்கே விடால் கல்வெட்டு, கனகவீரக் குரத்தியாரின் மாணவியர் ஐந்நூற்றுவர் என்று கணக்குத் தருகிறது. அவர்கட்கும் தவப்பெண்டிர் நானூற்றுவர்க்கும் இடையே இணக்கமின்மை ஏற்பட, ஊரார் முன்வந்து மாணவியரைக் காத்து உணவளிக்க உடன்பட்டனர். பெரிய நிறுவனங்களில் பிணக்கு நேர்வது அன்றும் இருந்தது. அதனை மறைக்காமல் கல்லில் வெட்டியதே வியப்பு.

குணசேனதேவர் என்ன கற்பித்தார், எந்நூல்களைப் பாடஞ்சொன்னார் என்பதைக் கல்வெட்டுகள் கூறவில்லை. கழுகுமலையில் சித்தாந்தம் உரைப்போர்க்கு உணவளிக்க நிலம் விடப்பட்ட செய்தி மட்டும் அக்காலக் கல்வியின் ஒரு பகுதியைக் காட்டுகிறது.

அவர் பயின்ற குரண்டிப் பள்ளி இன்றில்லை. அதன் கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, திருச்சுழிக்கு அருகிலுள்ள பள்ளிமடம் காளைநாதசுவாமி கோயில் கட்டடத்தில் சேர்ந்துள்ளன. திருக்காட்டாம்பள்ளிக்கு வழங்கப்பட்ட கொடைகளைக் கூறும் கல்வெட்டுகளை அங்கேதான் படிக்க வேண்டியுள்ளது. பள்ளி மறைந்தது, அதன் ஆசிரியர் பெயர்களைச் சமணர் மலையில் அவர்தம் மாணாக்கர் பொறித்த எழுத்துகள் தாங்கி நிற்கின்றன. மழையும் வெயிலும் பட்டு அவ்வெழுத்துகளுட் சில தேய்ந்துவிட்டன. திருமேனிகட்குப் பாலும் எண்ணெயும் சாத்தும் அன்பர்கள், அடியிலுள்ள வரிகளின்மீது அவை வழியாதவாறு பார்த்துக்கொண்டால் குணசேனதேவரின் பெயரை அடுத்த தலைமுறையினரும் படிக்கலாம்.