முறைமாற்றமும் அபத்தமும்: ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருள் வரலாறு

ஒரு சொல்லின் இற்றைப் பொருளை அதன் பண்டை வழக்கின்மேல் ஏற்றியுரைத்தல் உரைகாண்பாரும் மொழிபெயர்ப்பாரும் எளிதில் எய்தும் வழுவாகும். ஆங்கிலத்தில் ‘பிரிப்பாஸ்டெரஸ்’ என வழங்கும் பெயரடையை இதற்குச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம். அறிவுக்கு முற்றும் ஒவ்வாதது, நகைப்புக்கிடமான அபத்தம் என்னும் பொருளிலேயே அச்சொல் இன்று பெரிதும் வழங்குகின்றது.

இதன் மூலம் இலத்தீன் மொழியாகும். முன் எனப் பொருள்படும் ‘பிரே’ என்பதும், பின்வருவது எனப் பொருள்படும் ‘போஸ்டெருஸ்’ என்பதும் கூடி, ‘பின்னது முன்னாக நிற்பது’ என்னும் பொருளைத் தந்தன. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துட் புகுந்தபொழுதும் இச்சொல் அப்பொருளை இழந்திலது. இயற்கைக்கும் அறிவுக்கும் மாறானது என்னும் பொருளும் அந்நூற்றாண்டிலேயே உடன் வழங்கிற்று.

1589இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த ‘ஆங்கிலச் செய்யுட்கலை’ என்னும் நூல் ஜார்ஜ் புட்டன்ஹாம் இயற்றியதாகக் கருதப்படுவது. கிரேக்கர் ‘ஹிஸ்டெரான் புரோட்டெரான்’ எனக் குறித்த அணிக்கு அந்நூல் இச்சொல்லையே பெயராக இடுகின்றது. பின்வரவேண்டிய சொல்லையோ தொடரையோ முன்வைத்தல் அவ்வணியின் இலக்கணம். மிகையாகப் பயிலாதவழி அது பொறுக்கத்தக்கதே என்பது நூலார் கருத்து. இதனை ‘அபத்த அணி’ எனப் பெயர்ப்பின் அக்கருத்தே சிதையும். ‘முறைமாற்றணி’ என்பதே பொருந்துவதாம்.

1623ஆம் ஆண்டுப் பெருந்தொகுப்பில் அச்சேறிய ஷேக்ஸ்பியரின் ‘அடங்காப்பிடாரி’ நாடகத்திலும் இந்நுட்பம் புலனாகும். ஆசிரியனாக மாறுவேடம் பூண்ட லுசென்சியோ, இசையாசிரியனாக வேடம் பூண்ட ஹார்டென்சியோவை இச்சொல்லாற் கடிகின்றான். கற்றுக் களைத்த உள்ளத்தை இளைப்பாற்றவே இசை அமைந்தது. ஆகவே அது கல்விக்குப் பின்னரே வரற்பாலது என்பது அவன் வாதம். சொல் வசைதான், எனினும் அவ்வசைக்கு அடிப்படை முன்பின் முறை பிறழ்தலேயாம்.

1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியும் பின்னது முன்னாதலையே முதற்கண் வைத்து, அபத்தப் பொருளை அதன்பின் நிறுத்துகின்றது. இரண்டாவதாக நின்ற பொருள் முதற்பொருளை மறைத்தமை பிற்கால நிகழ்ச்சியாகும்.

முறைமாற்றம் யாண்டும் இழுக்கெனப்படுவதன்று. ‘இல்முன்’ என்பது ‘முன்றில்’ என மாறி நிற்பதனை நம் இலக்கண நூலார் இலக்கணப்போலி என அமைத்துக்கொண்டனர். எனவே, பழைய ஆங்கில நூல்களில் இச்சொல்லைக் காண்பார், அங்கு எது முன், எது பின் என வினவித் தெளிந்த பின்னரே பொருள் கோடல் வேண்டும். அவ்வாறன்றி முன்னரே பொருளை முடிவுசெய்து பின்னர் இடத்தை நோக்குவதும் ஒரு முறைமாற்றமே என்க.