ஆங்கில இலக்கணம் பயிலும் நெறி: கல்வராயன் மலைப் பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

பிறமொழி ஒன்றன் இலக்கணத்தைக் கற்கப் புகுவோர் தம் தாய்மொழி இலக்கணத்தை அளவுகோலாகக் கொள்ளுதல் இயல்பு. ஐரோப்பியர் தமிழைக் கற்றது இந்நெறியானேயாம். ஆயின், தமிழ் மாணாக்கர் ஆங்கிலம் கற்கப் புகுந்த காலை இந்நெறி பள்ளிகளில் நிலைபெறவில்லை. அவ்வாறு நேர்ந்த வரலாற்றையும், அதனால் விளைந்த குறையையும், அக்குறை நீங்கும் வழியையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்குக் கள்ளக்குறிச்சியும் அதன் மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலையும் களமாகக் கொள்ளப்பெறுகின்றன. பெருநகரத்துச் சிறுவன் பள்ளிக்கு வெளியேயும் ஆங்கிலத்தைச் செவியுறுகின்றான். கேட்டுக் கேட்டே சில தொடர்களை அறிகின்றான். மலையூர்ச் சிறுவனுக்கோ வகுப்பறையே ஆங்கிலத்தின் முதலும் முடிவுமாகும். செவிவழி அறிவு வாய்க்காத இடத்தில் இலக்கணமே வழித்துணை. ஆதலின், இலக்கணம் பயிற்றும் முறையின் நிறைகுறைகள் யாண்டையினும் ஈண்டுத் தெளிவாகப் புலப்படும் என்க.

1. இருமொழி இலக்கண மரபு

ஒரு மொழியின் இலக்கணத்தைப் பிறிதொன்றனோடு வைத்து நோக்குதல் தமிழர்க்குப் புதிதன்று. கி.பி. 11 ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் புத்தமித்திரனார் இயற்றிய வீரசோழியம், வடமொழி இலக்கணக் கூறுகளைத் தமிழொடு பொருத்திக் காட்ட முனைந்த நூலாகும். 17 ஆம் நூற்றாண்டில் சுப்பிரமணிய தீட்சிதர் இயற்றிய பிரயோக விவேகமும் இவ்வகையினதே. இந்நூல்களின் கொள்கைகளை ஏற்பாரும் மறுப்பாரும் உளர். எனினும், இரு மொழிகளின் அமைப்பை ஒருங்கு நோக்கும் பயிற்சி ஈண்டு நெடுங்காலமாக இருந்தது என்பதற்கு இவை சான்றாம்.

ஐரோப்பியச் சமயத்தொண்டரும் இவ்வாறே செய்தனர். 1706 இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தமிழிலக்கணத்தை இலத்தீன் மொழியில் எழுதினார். அது 1716 இல் செருமானிய நாட்டு ஆல் நகரில் அச்சாயிற்று. வீரமாமுனிவரும் கொடுந்தமிழ் இலக்கணத்தை இலத்தீன் மொழியிலேயே வரைந்தார். 1839 இல் தமிழகம் போந்த போப் ஐயர், ஆங்கிலம் அறிந்தார் தமிழ் கற்றற்பொருட்டு 1855 இல் ஒரு கையேட்டினை வெளியிட்டார். அடுத்த ஆண்டில் கால்டுவெல் ஐயரின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. இவர்கள் அனைவரும் தமக்குத் தெரிந்த இலக்கணத்தினின்று தெரியாத இலக்கணத்திற்குச் சென்றனர். கல்வியின் இயல்பான வழி அதுவேயன்றோ!

2. ஆங்கில இலக்கணம் பள்ளி புகுந்த வரலாறு

18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் தஞ்சையிலிருந்த ஆங்கிலப் பேராளர் சல்லிவனும் சுவார்ட்சு ஐயரும் முயன்றதன் பயனாகத் தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலப் பள்ளிகள் தோன்றின. கள்ளக்குறிச்சி அடங்கிய தென்னார்க்காடு 1801 இல் கும்பினியார் நேராட்சிக்கு உட்பட்டது. 1822 இல் ஆளுநர் தாமசு மன்றோ சென்னை மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு ஆணையிட்டார். 12,498 பள்ளிகளில் 1,88,650 மாணாக்கர் பயின்றனர் என்பது 1826 ஆம் ஆண்டுக் குறிப்பில் அவர் காட்டிய தொகை. மாவட்டத் தலைமையிடங்களிலும் வட்டங்களிலும் அரசுப் பள்ளிகள் நிறுவுதல் அவர்தம் திட்டமாகும். அவர் 1827 இல் மறைந்தார். 1835 இல் மெக்காலேயின் குறிப்பை ஒட்டி எழுந்த ஆங்கிலக் கல்விக் கொள்கை வேரூன்றியதும், அடுத்த ஆண்டிலேயே அவ்வட்டப் பள்ளிகள் கைவிடப்பட்டன. பின்னர் 1841 இல் சென்னையில் உயர்நிலைப்பள்ளியும், 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகமும் தோன்றின. ஆங்கிலம் தேர்வுக்குரிய மொழியாயிற்று. அதன் இலக்கணம் தேர்வுக்குரிய பொருளாயிற்று.

அக்காலத்துப் பயிற்றப்பெற்ற இலக்கணம் எத்தகையது? 1795 இல் லிண்ட்லி மரே எழுதிய ஆங்கில இலக்கணம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெருவழக்குற்றுப் பிற நாடுகளிலும் பரவியது. அஃது இலத்தீன் இலக்கண அச்சில் வார்க்கப்பட்டது. விதியைக் கூறி, எடுத்துக்காட்டுத் தந்து, பிழைத்தொடரைத் திருத்தச் செய்தல் அதன் முறை. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெசுபீல்டு எழுதிய இலக்கண நூல்களும், 1930-களின் நடுப்பகுதியில் தோன்றிய ரென், மார்ட்டின் இருவரின் நூலும் இந்தியப் பள்ளிகளில் நெடுங்காலம் ஆட்சி செலுத்தின. இவை பயன்மிக்க நூல்களே. ஆனால், நாடு முழுமைக்கும் பொதுவாக எழுதப்பெற்றமையின், தமிழ் மாணாக்கன் எவ்விடத்து இடர்ப்படுவான் என்பதை இவை கருதவில்லை. சொல்வகை எட்டினையும் வரையறையோடு நெட்டுருப் பண்ணிய மாணாக்கன், ஒரு கடிதம் எழுதத் தடுமாறினான்.

இஃது ஒருபுறமாக, அதே நூற்றாண்டில் தமிழிலக்கணம் சிறார்க்கும் எளிதாயிற்று என்பது கருதத்தக்கது. ஆறுமுக நாவலர் இலக்கணச் சுருக்கத்தையும் இலக்கண வினாவிடையையும் உரைநடையில் எழுதினார். யாழ்ப்பாணத்து ஆங்கிலப் பள்ளியில் பயின்று, அங்கே பார்சிவல் ஐயருடன் பணியாற்றியவர் அவர். எனவே, பாலம் அமைத்தற்குரிய கற்கள் இரு கரைகளிலும் கிடந்தன. தமிழாசிரியர் ஒரு கரையிலும் ஆங்கில ஆசிரியர் மறு கரையிலும் நின்றனர். பாலம் அமைப்பார்தாம் அரியராயினர்.

3. விதியினின்று பயிற்சிக்கு

இந்தியா விடுதலை பெற்றபின் விதிமுறைக் கல்விக்கு எதிர்ப்புத் தோன்றியது. 1950-களில் சென்னை மாநிலம் தொடரமைப்பு முறையை ஏற்றது. எளிய தொடரமைப்புகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் வாய்மொழியாகப் பலகால் கூறச் செய்து பழக்குதலே இம்முறை. தொடக்கநிலை மாணாக்கர்க்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் ஏறத்தாழ 27,000 பேரை இதில் பயிற்றுவிக்க ஒரு பெருமுயற்சி நடைபெற்றது. முதலில் ஒரு சிறு குழுவினர் பயிற்சி பெற்று, அவர் பிறரையும், அப்பிறர் மேலும் பலரையும் பயிற்றும் வகையில் அது வகுக்கப்பெற்றது. உருள உருளப் பெருக்கும் பனிப்பந்தின் பெயரால் அது வழங்கப்பட்டது. 1962 இல் டி. ஏ. சுமித் என்பார் இதனைப் பற்றி எழுதிய கட்டுரை, மொழிப்பயிற்றல் வரலாற்றில் இன்றளவும் எடுத்துக்காட்டப்படுகின்றது.

இம்முறை மாணாக்கனின் வாயைத் திறந்தது. அஃது அதன் சிறப்பு. ஆயினும், தாய்மொழியை வகுப்பினின்று கூடியவரை விலக்குதல் இதன் கொள்கையாயிற்று. ஆசிரியர்தாமே ஆங்கிலத்தைச் சரளமாகப் பேசும் இடத்தில் இது பயன்தரும். அவ்வாறில்லாத இடத்தில், பொருளறியாது ஒப்பிக்கும் வழக்கமாகவே இது முடியும். பழைய முறையில் விதி நெட்டுருவாயிற்று. புதிய முறையில் தொடர் நெட்டுருவாயிற்று. இரண்டும் மாணாக்கன் உள்ளத்தில் முன்னரே இருந்த தமிழை நோக்காது சென்றன.

4. மலையும் சமவெளியும்

கல்வராயன் மலையில் வாழ்வோருள் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயரொப்புமை கொண்டு அவர்தம் மொழியை மலையாளம் எனக் கருதுதல் பிழை. அவர் பேசுவது தமிழே. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார் மரபினரின் ஆளுகையில் இம்மலை நெடுங்காலம் இருந்தது. 1976 இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. சமவெளியில் ஒன்றரை நூற்றாண்டாக நிகழ்ந்த கல்வி மாற்றங்கள் மலையேறுதற்குக் காலம் பிடித்தது இதனால் என்க. இன்று வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன்றியமும், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் உள்ளன. 1993 இல் விழுப்புரம் மாவட்டத்தின் பகுதியான கள்ளக்குறிச்சி, 2019 இல் தனி மாவட்டமாயிற்று.

மலைச் சிறுவன் பேசும் தமிழுக்கும் பாடநூல் தமிழுக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. பாடநூல் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே மற்றோர் இடைவெளி உண்டு. முதல் இடைவெளியைக் கடக்கப் பெற்ற பயிற்சியே இரண்டாவதைக் கடக்கவும் உதவுதல் வேண்டும். அங்ஙனமாகாது, ஆங்கில வகுப்பில் அவன் வெறுங்கையனாக நிறுத்தப்படின், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கட்டாயப் பாடமாகிய ஆங்கிலம் அவன் மேற்படிப்பைத் தடுக்கும் வாயிலடைப்பாகிவிடும். 2012-13 ஆம் கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கப்பெற்றமையின் இவ்வினா மேலும் கூர்மையுற்றது.

5. ஒப்புநோக்கும் நெறி

தமிழிலக்கணம் ஆங்கிலத்திற்கு எவ்வாறு துணைசெய்யும் என்பதைச் சில சான்றுகளால் காண்போம்.

முதலாவது, எழுவாயும் வினைமுற்றும். ‘வந்தான், வந்தாள், வந்தது, வந்தன’ என விகுதியே திணை, பால், எண், இடம் காட்டுதலின், தமிழில் எழுவாய் தோன்றாது நிற்றல் இயலும். ஆங்கில இறந்தகால வினை இவ்வனைத்திற்கும் ‘கேம்’ என ஒரே வடிவாய் நிற்கும். பழைய ஆங்கிலத்தில் விகுதிகள் பல இருந்தன. காலப்போக்கில் அவை தேய்ந்தன. விகுதி தேய்ந்த மொழியில் எழுவாயை விட்டுவிடல் ஆகாது. நிகழ்காலப் படர்க்கை ஒருமையில் நிற்கும் ‘எஸ்’ என்பது அப்பழைய விகுதிகளின் எச்சமே. இங்ஙனம் கூறின், அவ்விதி காரணமற்ற கட்டளையாகத் தோன்றாது.

இரண்டாவது, சொற்கிடக்கை. ‘புலி ஆட்டைக் கொன்றது’ எனினும் ‘ஆட்டைப் புலி கொன்றது’ எனினும் தமிழில் பொருள் மாறாது. ஐயுருபு செயப்படுபொருளைக் காத்து நிற்கின்றது. ஆங்கிலத்தில் அவ்வுருபு இன்மையின், சொல் நிற்கும் இடமே உருபின் தொழிலைச் செய்கின்றது. இடம் மாறின் ஆடு புலியைக் கொன்றதாய் முடியும்!

மூன்றாவது, ‘எ’, ‘தி’ என்பன. தமிழில் இவற்றிற்கு நேரான சொற்கள் இல்லை என்று கூறி ஆசிரியர் அமைதல் வழக்கம். ஆயின், ‘கடுக்காய் பொறுக்கினான்’ என்பதற்கும் ‘கடுக்காயைப் பொறுக்கினான்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மலைச் சிறுவன் நன்கறிவான். முன்னது பொதுமையில் நிற்கும். பின்னது முன்னரே சுட்டப்பட்ட ஒன்றைக் குறிக்கும். அஃறிணைப் பெயரில் இரண்டனுருபு தொக்கும் விரிந்தும் வருவதால் விளையும் இப்பொருள் வேறுபாடு, ‘தி’ என்பதன் இயல்பை உணர்த்தத் தக்க வாயிலாகும்.

நான்காவது, நான்காம் வேற்றுமை. ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்குத் தெரியும்’, ‘எனக்குத் தம்பி இருக்கிறான்’ என உணர்வோனையும் அறிவோனையும் உடையோனையும் தமிழ் குவ்வுருபால் குறிக்கும். ஆங்கிலம் இம்மூவரையும் எழுவாயாக்கும். இவ்வொரு வேறுபாட்டை விளக்கிக் காட்டின் பலவகைப் பிழைகள் ஒருங்கே நீங்கும்.

ஐந்தாவது, பெயர்ப்பயனிலை. ‘அவர் ஆசிரியர்’ என்பது தமிழில் நிறைந்த தொடர். ஆங்கிலத்திலோ ‘ஈஸ்’ என்னும் வினை இன்றித் தொடர் முடியாது. மாணாக்கன் அதனை விட்டெழுதுவது அறியாமையால் அன்று. தன் மொழியின் விதியை வழுவாது பின்பற்றுவதால் ஆம். இதனை உணர்ந்த ஆசிரியர் அவனைக் கடிந்துகொள்ளார்.

6. ஒரு தடையும் விடையும்

தாய்மொழியை இடையே கொணரின் மாணாக்கன் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கப் பழகிவிடுவான் என்பது தொடரமைப்பு முறையினர் எழுப்பும் தடை. மொழிபெயர்ப்பு வேறு, ஒப்புநோக்கு வேறு என்பது இதற்கு விடையாகும். மொழிபெயர்ப்பு இரண்டையும் ஒன்றெனக் கொள்ளத் தூண்டும். ஒப்புநோக்கோ இரண்டும் பிரியும் இடத்தைக் காட்டும். மேலும், தமிழை வகுப்பினின்று விலக்கலாம். மாணாக்கன் உள்ளத்தினின்று விலக்குதல் இயலாது. விலக்க இயலாத ஒன்றை விளக்கிக் கொள்ளுதலே அறிவுடைமை. வாய்மொழிப் பயிற்சி வேண்டா என்பது இதனாற் பெறப்படாது. பயிற்சிக்கு முன் விளக்கம் வேண்டும் என்பதே கருத்து.

இதனாற் பெறப்படுவன இரண்டு. ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு நன்னூற் சொல்லதிகாரப் பயிற்சி இன்றியமையாதது. தமிழ்த்துறையினரும், தமிழிலக்கணம் தமிழ்த் தேர்வுக்கு மட்டுமே உரியது என்னும் எண்ணத்தை விடுத்து, இருமொழி ஒப்பிலக்கணச் சிறுநூல்களைப் பள்ளி ஆசிரியர்க்கென ஆக்கித் தருதல் வேண்டும். சீகன்பால்கும் போப்பும் தம் மொழியிலிருந்து தமிழுக்கு வழி வகுத்தனர். அவ்வழியே எதிர்த்திசையில் நடக்கும் உரிமை வெள்ளிமலைச் சிறுவனுக்கும் உண்டு. அவன் கையில் உள்ள தமிழ் அதற்குப் போதிய முதலாகும்.