செப்புக் காசுக்கும் பூர்வீகம் உண்டு

இலங்கையில் கிடைக்கும் ரோமப் பேரரசின் காசுகளில் பொன்னும் வெள்ளியும் அரிது. தமிழகத்தில் பேரரசர்கள் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து வெள்ளிக் காசுகள் புதையல்களாக வெளிப்பட்டிருக்க, இங்கே கிடைப்பவை பெரும்பாலும் கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளில் அடித்த செப்பு, வெண்கலச் சில்லறைகள். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியவை. சந்தையில் பெரிய விலை போகாதவை. வரலாற்றில் இவற்றுக்குள்ள மதிப்போ ஒன்றைப் பொறுத்தே அமைகிறது: எந்த மண்ணில் கிடைத்தது, யார் யார் கைக்கு மாறியது என்ற விவரம். அது தொலைந்தால் காசு மிஞ்சும், சாட்சியம் மிஞ்சாது.

காசு சொல்வதும் சொல்லாததும்

இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் காலத்துக் காசு ஒன்றை உருப்பெருக்கியில் பார்ப்போம். முன்பக்கம் முத்துப்பட்டம் கட்டிய பேரரசரின் முகம். பின்பக்கம் குதிரையோடு சரியும் பகைவனை ரோமப் போர்வீரன் ஈட்டியால் குத்துகிறான். சுற்றிலும், நற்காலம் திரும்பியது என்று அறிவிக்கும் இலத்தீன் வாசகம். அடிக்கோட்டின் கீழே நான்கு சிற்றெழுத்துகள். முதல் மூன்றும் அலெக்சாந்திரியா நகரின் அக்கசாலையைக் குறிப்பவை. நான்காவது, அங்கிருந்த பட்டறைகளுள் எது அடித்தது என்பதைக் காட்டுவது.

மலையகத்தவருக்கு இந்த முறை புதிதல்ல. 1901 முதல், தோட்ட வேலைக்கு வந்த நம் முன்னோருக்குக் கொடுக்கப்பட்ட தகரத் துண்டிலும் தோட்டப் பகுதியைக் குறிக்கும் எழுத்தும் தோட்ட இலக்கமும் அடித்திருந்தன. அந்தத் தகரம் போய்ச் சேர வேண்டிய இடத்தைச் சொன்னது. புறப்பட்ட ஊரைச் சொல்லவில்லை. ரோமக் காசு இதற்கு நேர்மாறு. புறப்பட்ட ஊரைச் சொல்லும்; வந்து சேர்ந்த இடத்தைச் சொல்லாது. அதைக் கண்டெடுத்தவரும் கைமாற்றியவரும்தான் எழுதி வைக்க வேண்டும்.

சில வேளை முன்னைய உடைமையாளரின் கைத்தடமே காசில் இருக்கும். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளி வெட்டு விழுந்திருக்கிறது. மீண்டும் புழக்கத்துக்குப் போகாதபடி வெட்டியிருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. வெட்டியவர் பெயர் தெரியாது. அவர் எடுத்த முடிவு தெரிகிறது. இடமும் எண்ணிக்கையும் பதிவானதால்தான் இவ்வளவும் பேச முடிகிறது.

பதிந்து வைத்தவர்கள்

சிகிரியா அகழ்வுகளில் எச்.சி.பி. பெல்லுக்குத் துணைநின்ற ஜோன் ஸ்டில், இலங்கையில் கிடைத்த ரோமக் காசுகளைப் பற்றி 1907இல் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை இதழில் எழுதினார். எச்.டபிள்யூ. கொட்ரிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய நூலில், ரோமக் காசுகளோடு அவற்றைப் பார்த்து அடித்த போலிகளையும் ஆராய்ந்தார். தமிழகத்தில் ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, பிற்கால ரோமச் செப்புக் காசுகளைத் திரட்டி 1994இல் நூலாக்கினார். கரூர், மதுரை என்ற ஊர்ப்பெயர்களை நூலின் தலைப்பிலேயே வைத்தார். நம் தோட்டங்களில் வாழும் பல குடும்பங்களின் வேர் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை நோக்கி நடந்த பாதையும், மாந்தை என்னும் பழந்துறைக்கு அண்மையில்தான் தொடங்கியது.

இக்காசுகள் வணிகத்தில் வந்தனவா, வேறு வழியில் வந்தனவா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அந்த விவாதத்தைத் தீர்க்கக்கூடியது கிடைத்த இடம் பற்றிய நம்பகமான குறிப்பு மட்டுமே. வெளிநாட்டில் வாங்கிய காசு ஒன்றை ‘கதிர்காமத்தில் எடுத்தது’ என்று ஒருவர் சொல்லி விற்றால், வரலாற்றில் ஒரு பொய் குடியேறிவிடும்.

ஊவாவின் பங்கு

பண்டாரவளை மலைகளில் பிறக்கும் கிரிந்தி ஓயா, வெல்லவாயவைக் கடந்து திஸ்ஸமகாராமைக்கு இறங்குகிறது. அங்கே அக்குருகொடவில் 1992 முதல் ஜேர்மன் தொல்லியலாளர்கள் அகழ்ந்தனர். அப்பகுதிக்கு உரியவையாகச் சொல்லப்படும் தமிழ் எழுத்துப் பொறித்த காசுகள் சில, தனியார் சேகரிப்புகள் வழியாகவே அறிஞர் பார்வைக்கு வந்தன. அவற்றைக் கொண்டு இலங்கைத் தமிழர் வரலாற்றைப் பேசுவோர் எவரும், எந்தக் குழியில், எந்த மண்படையில் கிடைத்தன என்ற கேள்விக்கு முகங்கொடுத்தே ஆகவேண்டும்.

பதிவு இருந்தால் என்ன பயன் என்பதற்குப் பதுளையிலேயே சான்று உண்டு. இன்று நகரில் நிற்கும் 10ஆம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டு, 1857இல் மகியங்கனைக்கு அருகே சொரபொர வாவிப் பகுதியில் கண்டறியப்பட்டது. ஓப்பிட்டிகம என்ற சந்தையில் எங்கே விற்கலாம், எந்த நிறையும் அளவும் செல்லும் என்று விதிக்கும் அரசாணை அது. கல் இடம்பெயர்ந்தாலும் கிடைத்த இடம் எழுதப்பட்டிருப்பதால், அந்தச் சந்தை எப்பகுதியில் கூடியது என்று நம்மால் சொல்ல முடிகிறது.

வாசகருக்கு

பத்திரம் இல்லாமையின் விலை என்ன என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தகப்பன் பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டது. காட்ட வழியில்லாமல் இலட்சக்கணக்கானோர் நாடற்றவரானார்கள். பூர்வீகத்தை எழுதி வைப்பது நமக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல.

ஆகவே, தோட்டத்திலோ வயலிலோ பழங்காசு அகப்பட்டால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், வியாபாரியிடம் கொடுக்காதீர்கள். இடத்தையும் நாளையும் குறித்துக்கொண்டு தொல்பொருள் திணைக்களத்துக்கு உடனே அறிவியுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த தொல்பொருள் அரசுக்கே உரியது. வீட்டுப் பெட்டியில் இருக்கும் தகரத் துண்டு, தோட்டக் காசு, பற்றுச்சீட்டு ஆகியவற்றை நீங்களே பாதுகாக்கலாம். ஒவ்வொன்றுடனும் ஒரு தாள் வையுங்கள்: யாருடையது, எந்தத் தோட்டம், எந்த டிவிசன், யார் கொடுத்தது. விவரம் தெரிந்த மூத்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.