கொல்லி அறைப்பள்ளியும் ஓர் இளைஞர் ஐயமும்

ஆடிப் பதினெட்டன்று கொல்லிமலை அறப்பளீசுரர் திருமுன் யாம் நின்றபோது, ஆலத்தூர் நாட்டு இளைஞர் ஒருவர் அணுகி, "ஐயா, பள்ளியென்பது சமணர் உறைவிடத்துக்குப் பெயராமே, ஆயின் எங்கள் பாட்டனார் வழிவழி கும்பிட்ட இக்கோயில் முன்னர் யாருடையது? இதனைப் படித்த நாள்முதல் கை குவிந்தாலும் மனம் குவியவில்லை" என்றார். அருகிருந்த பெரியவர், "சாமி சந்நிதியில் சந்தேகமா!" என்று அதட்டினார். அதட்டுதல் விடையாகாது.

பள்ளி என்பது உறைவிடம், துயிலிடம், கற்குமிடம் என்னும் பல பொருட்கும் உரிய தமிழ்ச்சொல். ஒரு சமயத்தார்க்கே உரியதன்று. அறை என்பது பாறை. எனவே அறைப்பள்ளி பாறையிடத்து அமைந்த பள்ளியாம். அப்பெயரே பின்னர் அறப்பள்ளி என மருவிற்று. 18-ஆம் நூற்றாண்டில் அம்பலவாணக் கவிராயர் நீதிகளைத் தொகுத்துப் பாடிய அறப்பளீசுர சதகத்துக்கு இம்மருவிய பெயர் மிகவும் பொருந்திவிட்டது.

இனி, 7-ஆம் நூற்றாண்டினராகிய அப்பரடிகளைக் காண்போம். இத்தலத்துக்குத் தனிப்பதிகம் கிடைத்திலது. ஆதலின் இது வைப்புத்தலம். எனினும் க்ஷேத்திரக்கோவைத் திருத்தாண்டகத்தின் முதற்பாட்டிலேயே, தில்லையை முன்வைத்துச் செம்பொன்பள்ளி, சிராப்பள்ளி, கொல்லி அறைப்பள்ளி என மூன்று பள்ளிகளை அடிகள் ஒருங்கே ஓதுகின்றார். ஓதுபவர் யாவர்? பாடலிபுத்திரத்துச் சமணப்பள்ளியில் தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை பெற்றிருந்தவர். பெற்றோர் மறைந்தபின் நிலையாமை கண்டு, எச்சமயம் நன்றென்று ஆராயப் புகுந்தே அவர் ஆங்குச் சென்றார் என்கின்றது பெரியபுராணம். சூலைநோயால் வருந்தித் திருவதிகை மீண்டபோது, திலகவதியார் ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்தார். தாம் துறந்துவந்த இடத்தின் பெயரைச் சிவபிரான் திருக்கோயிலுக்குக் கூற அப்பெரியார் நா சிறிதும் கூசிற்றில்லை. அவர் கூசாத சொல்லுக்கு நாம் ஏன் நடுங்குதல் வேண்டும்?

அருள்நந்தி சிவாசாரியரும் சிவஞானசித்தியாரில் தம் கொள்கையை முதற்கண் வைத்தாரல்லர். உலகாயதம் முதலாகப் பதினான்கு மதங்களைப் பரபக்கத்தில் எடுத்து அவரவர் கூற்றை உரைத்து மறுத்தபின்னரே சுபக்கம் புகுந்தார். மடத்தில் பாடங்கேட்ட காலத்து யாம் பரபக்கத்தை விரைந்து கடந்து சுபக்கத்திலேயே தங்கினோம். சுபக்கத்துக்கு அறுவர் உரை வழங்குகின்றது. பரபக்கம் பயில்வாரோ மிகச் சிலர். பிறர் வினாவிய பொழுதெல்லாம் எமக்குச் சினம் வந்ததன்றி விடை வந்திலது. அறுபது கடந்தபின் பரபக்கத்தை மீளவும் எடுத்தோம்; இப்பொழுது சினம் குறைந்திருக்கின்றது.

இவற்றைச் சுருங்கக் கூறியபோது அவ்விளைஞர், "அப்படியானால் இம்மலையில் சமணரே இருந்ததில்லையா?" என்றார். இருந்தனர் என்றோம், தீர்த்தங்கரர் திருவுருவமும் இம்மலையில் உண்டு. அதனை மறைத்து நம் கோயிலுக்கு ஆகவேண்டியது யாதுமில்லை. அவர் சற்றே வாளா நின்றார், பின், "தாண்டகம் எத்தனையாந் திருமுறை?" என்று வினவினார். ஆறாந் திருமுறை என்றோம்.

அதற்குள் அவர் பாட்டியார், "தம்பி, வாடா, நேரமாகுது" என்று ஐயாற்றங்கரையிலிருந்து கூப்பிட்டார். அவ்வாற்று மீன்களை இறைவன் உருவாகவே கருதி உணவிடுவது இங்குள்ளார் வழக்கு. அவர் இறங்கிச் சென்று பாட்டியார் கையிலிருந்த பொரியை வாங்கி நீரிலே தூவினார்.