ஆவணப்பட இசையும் கொங்கு நாடும்

கதைப்படத்தின் இசை கற்பனைக்குத் துணை நிற்பது. ஆவணப்படத்தின் இசையோ உண்மைக்கு அருகில் நின்று ஒலிப்பது. வாழும் மனிதரின் துயரக் காட்சியில் வயலின் சற்று மிகுந்து இழைந்தாலும் சாட்சியம் திரிந்துவிடும். விளக்கவுரைக்கும் நிகழிடத்து ஒலிக்கும் மௌனத்திற்கும் இடம்விட்டு இசையமைத்தலே இத்துறையின் அருமை எனலாம். திரைத்தொழிலில் முன்னின்ற கொங்கு நாடு இத்துறையில் பெற்றதும் இழந்ததும் எவை என்பது நோக்கத்தக்கது.

கோவையைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, ஊர்தோறும் கூடாரமிட்டுக் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை எழுப்பினார். அக்காலப் படங்கள் பேசாதவை. படத்தோடு ஒலித்த இசை, காட்சியின்போது கலைஞர்கள் நேரில் வாசித்தது; காட்சி முடிந்ததும் காற்றிற் கலந்தது.

பேசும்படம் வந்தபின் சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜா ஸ்டூடியோவும் கோவையைத் திரைநகராக்கின. எஸ்.எம். சுப்பையா நாயுடு போன்ற இசையமைப்பாளர்கள் இங்கே பணியாற்றினர். எம்.எஸ். விஸ்வநாதன் அவருடைய இசைக்குழுவில் வளர்ந்தவர். நாமக்கல் கவிஞரின் நாவலான ‘மலைக்கள்ளன்’ 1954இல் பட்சிராஜாவின் படமாகி, சுப்பையா நாயுடுவின் இசையோடு வெளிவந்தது. கவிஞரும் களமும் கலைஞரும் ஒருங்கே வாய்த்திருந்தும், இவ்வாற்றல் பெரிதும் கதைப்படத்திற்கே செலவாயிற்று.

ஆவணப்படமோ வெளியிலிருந்து வந்தது. 1948இல் பம்பாயில் தொடங்கப்பெற்ற பிலிம்ஸ் டிவிஷனின் படங்களைத் திரையரங்குகள் கட்டாயமாகக் காட்டவேண்டியிருந்தது. சென்னையிற் பிறந்த குழலிசைக் கலைஞர் விஜய் ராகவ ராவ் அந்நிறுவனத்திற் பல ஆவணப்படங்களுக்கு இசையமைத்தார். விளக்கவுரை மொழிக்கு மொழி மாறியது, இசை மாறவில்லை. பொள்ளாச்சியிலும் பாட்னாவிலும் ஒரே இசை ஒலித்தது. நாடு முழுமைக்கும் பொதுவான இசை என்பது, எந்த ஊரின் ஒலியையும் முழுமையாக ஏற்காத இசையாகவும் அமைந்துவிட்டது.

ஒரு நிலத்தின் ஒலியைக்கொண்டே இசையமைக்க இயலும் என்பதற்கு அதற்கு முன்னரே சான்றுண்டு. 1934இல் பேசில் ரைட் இயக்கிய ‘சாங் ஆஃப் சிலோன்’ படத்திற்கு வால்டர் லீ இசையமைத்தார். இலங்கையின் முழவொலியும் உழைப்போர் காட்சியின்மேல் ஒலிக்கும் வணிகச் சந்தைக் குரல்களும் அங்கே இசையின் உறுப்புகளாயின. சொல்லாமலே ஒரு பொருளியல் உண்மை உணர்த்தப்பட்டது. 1936இல் வந்த ‘நைட் மெயில்’ படத்தில் டபிள்யூ.எச். ஆடன் இரயிலின் ஓட்டத்திற்கு இயையக் கவிதை எழுத, பெஞ்சமின் பிரிட்டன் இசையமைத்தார். ஆவணப்படத்திற் கவிஞர்க்கும் இடமுண்டு என்பதை இது காட்டும்.

கொங்கு நாட்டிற்கு ஒலிவளம் குறைவன்று. அண்ணன்மார் கதையைப் பாடும் உடுக்கை, கோயில் நோன்பின் பம்பை, கும்மியின் கைத்தாளம், சோமனூர்த் தறியோசை, கோவை ஆலைகளின் சங்கு ஆகியன இம்மண்ணின் ஒலிகள். கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கயம் பகுதியில் அண்ணன்மார் கதையைப் பாடக்கேட்டு ஒலிநாடாவிற் பதிந்தார். அதன் பயனாக அக்கதை 1992இல் நூலாயிற்று. பாடியவர் மறைந்தாலும் பாட்டின் குரல் நிலைக்கப் பதிவே வழியாயிற்று. ஆலைகள் பல மூடப்பட்டுவிட்ட இந்நாளில் சங்கொலியை அவ்வாறு பதிந்துவைத்தவர் எத்துணைப் பேர்?

கொங்கின் மேற்கெல்லையை ஒட்டிய நீலகிரியில், முதுமலைத் தெப்பக்காட்டு யானை முகாமில் எடுக்கப்பட்ட ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ 2022இல் வெளிவந்து 2023இல் ஆஸ்கர் விருது பெற்றது. அதன் பேச்சுமொழிகளுள் தமிழும் ஒன்று. இசை அயல்நாட்டவரான சுவென் ஃபால்கனருடையது. அயலார் இசையமைத்தல் குற்றமன்று. ஆயின் காட்டையும் ஊரையும் காட்டும் படங்கள் பெருகிவரும் காலத்தில், அவற்றிற்கு நம்முடைய ஒலியை எடுத்துக் கொடுக்க நாம் ஆயத்தமாயில்லை என்பதே கவலைக்குரியது.

இசையமைப்பாளன் இல்லாத ஒலியைக் கொண்டு இசையமைக்க இயலாது. ஆதலின் கொங்கின் ஒலிகளைத் திரட்டுவது ஆவணப்பட இசைக்கு முதற்பணியாகும். சொல்லைப் போற்றும் இலக்கிய அமைப்புகள், அச்சொல் பிறந்த ஓசையையும் போற்றுதல் கடனாகும்.